தண்ணிப்புல் எந்த வருஷம் வந்தது? ஒரு தப்பான வரைபடத்தின் கதை

போன ஆடி மாதம், எங்கள் ஊரில் ஏரி சுத்தம் செய்யும் இளைஞர்கள் கூடியிருந்த இடத்தில் நான் ஒரு வரைபடம் காட்டினேன். தமிழ்நாட்டு மேப், அதன் மேல் பத்தாண்டுக்கு ஒரு நிறமாகப் புள்ளிகள். ஆரம்பத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். 1970களின் கடைசியில் திடீரென்று சரம் சரமாகப் புள்ளிகள். "பாருங்க, இந்தப் புல் எழுபதுகளுக்கு அப்புறம்தான் நம்ம பக்கம் பரவியிருக்கு" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் சொன்னது தப்பு. தரவு தப்பில்லை, புள்ளிகளை வைத்த இடமும் (பெரும்பாலும்) தப்பில்லை. அதைப் பார்த்து நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் தப்பு. அது எப்படித் தப்பானது என்று எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது. என்னை மாதிரி வார இறுதி ஆராய்ச்சிக்காரர்கள் வேறு யாராவது இதே குழியில் விழாமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

புல் எது?

ஏரியின் கலங்கல் பக்கம், ஊர்ச் சாக்கடை வந்து சேரும் இடத்தில், இடுப்புயரத்துக்கு அடர்ந்து நிற்கும் பச்சைப்புல். மாட்டுக்காரர்கள் தண்ணிப்புல் என்கிறார்கள். தீவனப்பயிர்க் கையேடுகளில் நீர்ப்புல், எருமைப்புல், பாராப்புல் என்று இருக்கும். தண்டு தரையிலும் தண்ணீர் மேலும் ஓடும், ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். அடையாளம் சுலபம்: கணுவைச் சுற்றி வெள்ளை மயிர் தாடி மாதிரி இருக்கும். விதை அவ்வளவாக முளைக்காது. ஆனா தண்டை இரண்டு கணு நீளத்துக்கு வெட்டி ஈரத்தில் செருகினால் போதும், பிடித்துக்கொள்ளும்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் பாதையோரம் மாட்டுக்கு அகத்திக்கீரைக் கட்டு வாங்கிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது புண்ணியத்துக்கு. மாட்டுக்கு மற்ற நாட்களில் வயிறு நிறைவது இந்த மாதிரிப் புல்லால்தான். ஏரியோரம் காலையில் சைக்கிளிலும் டிவிஎஸ் ஐம்பதிலும் கட்டுக்கட்டாகப் போவது இதுதான்.

இது நம் ஊர்ப் புல் இல்லை. பாரா என்பது பிரேசிலில் ஒரு மாநிலத்தின் பெயர். ஆனா புல்லின் பூர்வீகம் அங்கேயும் இல்லை, ஆப்பிரிக்கா. அடிமைகளை ஏற்றிப்போன கப்பல்களில் படுக்கைக்காகப் போட்ட புல்லோடு அமெரிக்காவுக்குப் போயிருக்கலாம் என்று புவியியலாளர் ஜேம்ஸ் பார்சன்ஸ் 1972-ல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு பலரும் சொல்கிறார்கள். பிறகு வெப்பநாடுகள் எங்கும் தீவனமாக நட்டார்கள்.

ஏரி இளைஞர்களின் கேள்வி நேரடியானது. இந்தப் புல் அண்மையில் வந்த ஆக்கிரமிப்பா? அப்படியானால் ஜேசிபி வைத்து மொத்தமாக வாரிவிடலாம். இல்லை ரொம்ப நாளாக இங்கேயே இருப்பதா? அப்படியானால் யோசிக்கணும். "நீங்கதான் டேட்டா பாக்கறவராச்சே, பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

காய்ந்த செடிகளின் டேட்டாபேஸ்

ஒரு செடி எந்தக் காலத்தில் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள நம்மிடம் இருக்கும் பழைய ஆதாரங்களில் முக்கியமானது ஹெர்பேரியம். செடியைப் பூவோடும் வேரோடும் பிடுங்கி, செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டித்தாளில் ஒட்டி அல்லது தைத்து வைப்பார்கள். தாளின் கீழ் மூலையில் ஒரு சீட்டு. என்ன செடி, எங்கே, எந்தத் தேதி, யார் எடுத்தார், அவருடைய வரிசை எண் என்ன என்று அதில் இருக்கும். சிலர் "ஈரமான பள்ளம்", "தீவனமாகப் பயிரிட்டது" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தமிழ்நாட்டைப் பற்றிய தாள்கள் பல இடங்களில் கிடக்கின்றன. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல மையத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் பெரியது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே.எம். மேத்யூ பாதிரியார் 1967-ல் தொடங்கிய ரபினாட் ஹெர்பேரியம், பாண்டிச்சேரியில் 1955-ல் அமைந்த பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பு, அப்புறம் லண்டன் கியூ. இப்போது நிறையத் தாள்கள் படமாகவே இணையத்தில் வருகின்றன. தாவரவியல் ஆய்வுத்துறையும் 2022-ல் இந்திய மெய்நிகர் ஹெர்பேரியத்தைத் திறந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே நூறு வருஷத்துக்கு முந்தைய சீட்டைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

நான் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன். இதுவும் ஒரு டேபிள்தானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று இடத்தில் அடி வாங்கினேன்.

முதல் அடி: பெயர்

இந்தப் புல்லுக்கு முதலில் முறையான பெயர் வைத்தவர் பீட்டர் ஃபோர்ஸ்கால், லின்னேயஸின் மாணவர். டென்மார்க் அரசர் அனுப்பிய அரேபியப் பயணக்குழுவில் போய், எகிப்தில் இதைச் சேகரித்தார். 1763-ல் ஏமனில் மலேரியாவில் செத்துப்போனார். குழுவில் உயிரோடு திரும்பிய ஒரே ஆள் கார்ஸ்டன் நீபூர். அவர்தான் நண்பரின் குறிப்புகளை 1775-ல் அச்சில் கொண்டுவந்தார். அதில் இதன் பெயர் பானிக்கம் மியூட்டிகம்.

அதே புல்லைப் பிரேசிலில் பார்த்தவர்கள் புதுசு என்று நினைத்து வேறு பெயர்கள் வைத்தார்கள். 1823-ல் ராடி பானிக்கம் பர்ப்யூராசென்ஸ் என்றார். 1834-ல் டிரினியஸ் பானிக்கம் பார்பினோடே என்றார், "தாடி வைத்த கணு" என்று பொருள். 1919-ல் ஸ்டாஃப் இதை பிரேக்கியேரியா பேரினத்துக்கு மாற்றினார். 1966-ல் யூரோகுளோவா மியூட்டிகா என்ற பெயரும் வந்தது. இன்றைக்கு அந்தப் பெயரைத்தான் பல தளங்கள் ஏற்கின்றன.

ஆக, ஒரே புல்லுக்குக் குறைந்தது ஐந்து பெயர். தாளின் மேல் எந்தக் காலத்துப் பெயர் இருக்கிறதோ அதோடு சில பதிவுகள் அப்படியே கணினியில் ஏறியிருக்கின்றன. நான் முதலில் ஒரு பெயரை மட்டும் தேடி, "பழைய பதிவே இல்லையே!" என்று குதித்தேன். பழைய பதிவு பழைய பெயரில் இருக்கும் என்ற சாதாரண விஷயம் உறைக்கவில்லை. பெயரை மட்டும் கீயாக வைத்து ஜாயின் பண்ணக்கூடாது என்று ஜூனியர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதுதான்!

இரண்டாவது அடி: இடம்

பழைய சீட்டில் ஜிபிஎஸ் கிடையாது. "வடஆற்காடு" என்று மட்டும் இருக்கும். யாரோ ஒருவர் பின்னால் அதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை போட்டிருப்பார். பல சமயம் அது மாவட்டத்தின் நடுப்புள்ளி. வரைபடத்தில் ஒரு புள்ளி அழகாக ஏதோ குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும். சதுப்பில் வளரும் புல்லுக்குக் குன்றின் மேல் என்ன வேலை?

திருவண்ணாமலைக்கு இதில் தனிச்சிக்கல் உண்டு. எங்கள் ஊர் 1989-லிருந்துதான் தனி மாவட்டத்தின் தலைநகர். அதற்கு முன் வடஆற்காடு. அதற்கும் முன்? 1906-ல் வெளியான தென்னாற்காடு கெசட்டியரைத் திறந்தால் திருவண்ணாமலை தாலுகா அதற்குள் இருக்கிறது! அதனால் மிகப் பழைய தாளில் "தென்னாற்காடு" என்று இருந்தால் அது கடலூராகவும் இருக்கலாம், எங்கள் ஏரிக்கரையாகவும் இருக்கலாம். தேதியைப் பார்க்காமல் இடத்தை முடிவு செய்ய முடியாது.

மூன்றாவது அடி: இரட்டைப் பதிவு

தாவரவியலாளர்கள் ஒரே செடிக்கூட்டத்திலிருந்து நாலைந்து தாள் செய்வார்கள். ஒன்று தங்களிடம், மற்றவை கோவைக்கு, கல்கத்தாவுக்கு, கியூவுக்கு. நல்ல பழக்கம்தான், ஒரு கட்டடம் எரிந்தாலும் இன்னொன்று மிஞ்சும். ஆனா கணினியில் அது நாலு பதிவு. சேகரித்தவர் பெயரும் அவருடைய எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரே சம்பவம் என்று சேர்க்க வேண்டும்.

இந்த மூன்றையும் சரி செய்த பிறகு வந்ததுதான் நான் ஆடி மாதம் காட்டிய வரைபடம். ரொம்பச் சுத்தமான டேட்டா. அதனால்தான் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பெரியவர் சொன்னது

கூட்டம் முடிந்து லேப்டாப்பை மூடும்போது, ஓரமாக நின்றிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். நாலு மாடு வைத்திருப்பவர். ஏரியோரம் புல் அறுப்பவர்களில் ஒருவர்.

"தம்பி, நீங்க படிச்சவங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க நைனா காலத்துலயே இந்தப் புல்லு இங்க இருந்துது. நான் அரைக்கால் சட்டை போட்டுக்கினு அவரு கூட அறுக்க வந்திருக்கேன்."

அவருக்கு எழுபதுக்கு மேல் வயது. கணக்குப் போட்டால் 1960களின் ஆரம்பம். ஞாபகம் ஏமாற்றும், வேறு ஏதாவது புல்லாக இருக்கும் என்று மனதுக்குள் தள்ளிவிட்டேன். "சரிங்கய்யா, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனா அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அறுகம்புல் சோதனை

ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி, கரண்ட் வந்ததும் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். அதே பைத்தான் ஸ்கிரிப்ட், அதே வடிகட்டல். புல்லின் பெயரை மட்டும் மாற்றினேன். தண்ணிப்புல்லுக்குப் பதில் அறுகம்புல்.

அதே எழுச்சி! 1970களின் கடைசியில் சரம் சரமாகப் புள்ளிகள். என் வாதப்படி, அறுகம்புல்லும் எழுபதுகளுக்குப் பிறகுதான் நம்ம பக்கம் பரவியது. சங்கப்பாட்டில் அறுகு வருகிறது, பிள்ளையாருக்கு எத்தனை தலைமுறையாகச் சாத்துகிறோம், ஆனா என் வரைபடத்தைக் கேட்டால் அது நேற்று வந்த புல். மலைச்சரிவில் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் ஊசிப்புல்லைப் போட்டேன். அதுவும் அப்படியே.

என்ன நடந்தது 1970களின் கடைசியில்? புல் ஒன்றும் செய்யவில்லை. மேத்யூ பாதிரியாரும் அவருடைய குழுவும் ஊர் ஊராகப் போனார்கள். தமிழ்நாட்டின் கிழக்கு, நடுப் பகுதிச் சமவெளிகளையும் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை போன்ற குன்றுகளையும் திட்டம்போட்டுச் சலித்தார்கள். அதன் பலன்தான் 1981 முதல் 1983 வரை வெளிவந்த "ஃப்ளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாட்டிக்" தொகுதிகள். அதற்கு முன் இந்த அளவில் வந்த பெரிய வேலை கேம்பிள் தொடங்கிய மெட்ராஸ் மாகாணத் தாவரநூல். அது 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. கேம்பிள் 1925-ல் இறந்தபின் ஃபிஷர் முடித்தார். இரண்டுக்கும் நடுவில் எங்கள் பக்கச் சமவெளியில் புல் பிடுங்க வந்தவர்கள் ரொம்பக் குறைவு.

ஆக, நான் வரைந்தது தாவரவியலாளர்கள் போய் வந்த வழியின் வரைபடம். புல் பரவிய வரைபடம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு சர்வரில் லாக் எழுதும் வசதியை மார்ச் மாதம் ஆன் செய்கிறோம் என்று வையுங்கள். முதல் எர்ரர் மார்ச்சில் பதிவாகும். "பக் மார்ச்சில்தான் வந்தது" என்று யாராவது சொன்னால் சிரிப்போம். அந்த பக் ரெண்டு வருஷமாக உள்ளே இருந்திருக்கும், பதிவு செய்ய ஆள் இல்லை. ஹெர்பேரியத் தாளும் ஒரு லாக்தான். "இந்தத் தேதியில் இந்த இடத்தில் இது இருந்தது" என்பது மட்டும் உறுதி. முதல் தாளின் தேதி, "இதற்குப் பிந்தி வரவில்லை" என்று சொல்லும். எவ்வளவு முந்தி என்று சொல்லாது. தாள் இல்லாத இடம், புல் இல்லாத இடம் என்று அர்த்தமே இல்லை.

தண்ணிப்புல் விஷயத்தில் இது இன்னும் மோசம். யோசித்துப் பாருங்கள், சாக்கடை கலக்கும் சேற்றில் இறங்கி, எல்லாரும் தீவனம் என்று அறிந்த ஒரு புல்லை யார் பிடுங்கி ஒட்டுவார்கள்? அபூர்வச் செடியைத் தேடி மலை ஏறுவதுதான் எங்கும் வழக்கம். பயிரிட்ட செடிகளை பல சேகரிப்பாளர்கள் தொடவே மாட்டார்கள். இந்தப் புல் பூக்காமலே நிற்கும் காலமும் அதிகம், பூ இல்லாத புல்லைத் தாளாக்குவதில் யாருக்கும் ஆர்வம் இல்லை. அதனால் ஒரு வயலில் முப்பது வருஷம் இருந்தும் ஒரு தாளில்கூட ஏறாமல் போகலாம்.

இந்தியாவுக்கு இது 1894-ல் பூனாவுக்கு வந்தது என்று பல வேளாண் பாடக்குறிப்புகள் சொல்கின்றன. அதையும் இப்போது அப்படித்தான் படிக்கிறேன்: ஒரு பண்ணையின் பதிவேட்டில் ஏறிய வருஷம். அதற்குப் பிறகு கட்டுக்கட்டாகத் தண்டு கைமாறிப் போனதற்குச் சீட்டு கிடையாது. சாக்கடை நீரில் நன்றாக வளரும் என்பதால் நகராட்சிகளின் கழிவுநீர்ப் பண்ணைகளில் புல் போட்டு மாட்டுக்காரர்களுக்கு விற்கும் வழக்கம் இருந்தது, மதுரை அவனியாபுரம் மாதிரி. அந்தக் கணக்கு நகராட்சிக் கோப்புகளில் இருக்கும், ஹெர்பேரியத்தில் இருக்காது.

அப்போ தாள்களால் பயனே இல்லையா?

உண்டு. கேள்வியை மாற்றிக் கேட்கணும்.

"எத்தனை தாள்?" என்று கேட்பதற்குப் பதில், "அந்தப் பத்தாண்டில் எடுத்த எல்லாப் புல் தாள்களிலும் இதன் பங்கு எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். ஆள் நிறையப் போனால் எல்லாப் புல்லும் கூடும், பங்கு மாறாது. பங்கே கூடினால்தான் ஏதோ நடந்திருக்கிறது. அப்படிப் போட்டபோது என் திடீர் எழுச்சி காணாமல் போனது. மிச்சம் இருந்த தாள்கள் இவ்வளவு குறைவு என்னும்போது ஏறுமுகம், இறங்குமுகம் என்று எதையும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இரண்டாவது, ஒரே இடத்துக்கு இரண்டு முறை போனவர்களைத் தேடலாம். ஒரு ஏரியின் புற்களை ஒருவர் முழுப் பட்டியலாக எடுத்து, முப்பது வருஷம் கழித்து இன்னொருவர் எடுத்திருந்தால், முதல் பட்டியலில் இல்லாததற்கு ஓரளவு எடை உண்டு.

மூன்றாவது, சீட்டைப் படிக்கலாம். "பயிரிட்டது" என்று எழுதியிருந்தால் ஒரு கதை, "வாய்க்காலோரம் தானாக" என்றிருந்தால் வேறு கதை. கணினிப் பதிவில் இந்த வரி பெரும்பாலும் விட்டுப்போகிறது. படத்தைத் திறந்து கண்ணால் படித்தால்தான் உண்டு.

ஏரிக்குத் திரும்பி

கார்த்திகை தீபக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு இளைஞர்களிடம் போய்ச் சொன்னேன். "நான் காட்டினது தப்பு. எப்ப வந்ததுன்னு என் டேட்டா சொல்லாது. அந்தப் பெரியவர் சொன்னது சரியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்." சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு பையன், "அப்போ வாரக்கூடாதாண்ணா?" என்று கேட்டான்.

அது வேறு கேள்வி என்றேன். எப்போது வந்தது என்பதை வைத்து, நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவில் இதே புல் வெள்ளச் சமவெளியில் காட்டு நெல்லைத் தள்ளிவிட்டு நிற்கிறது, நீர்ப்பறவைகளுக்கு அது பெரிய நட்டம். அங்கே 1980களில் காட்டெருமைகளைக் குறைத்தார்கள், மேய ஆளில்லாமல் புல் இன்னும் பெருகியது. ஹைதராபாத்தில் மூசி ஆற்றுச் சாக்கடைத் தண்ணீரில் இதே புல்லைப் பயிரிட்டுப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அந்த ஊர்ப் பால் ஓரளவு அதில்தான் ஓடுகிறது.

நம் நாட்டில் இன்னொரு பாடம் உண்டு, வேறு புல்லோடு. ராஜஸ்தான் பரத்பூர் பறவைச் சரணாலயத்தில் 1982-ல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். தகராறில் துப்பாக்கிச்சூடு வரை போனது. பறவைகளுக்கு நல்லது என்று நினைத்துச் செய்ததுதான். ஆனா எருமை போனதும் பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்தாண்டு ஆய்வு அதைத்தான் சொன்னது.

எங்கள் ஏரியில் அந்த எருமையின் இடத்தில் இருப்பது பெரியவரின் அரிவாள். தினமும் அறுப்பதால்தான் புல் கலங்கலோடு நிற்கிறது. கடைசியில் முடிவானது இது: மதகு முன்னாலும் வரத்துக் கால்வாயிலும் வேரோடு எடுப்பது. சாக்கடை முகப்பில் அறுப்பவர்களை அறுக்க விடுவது. தண்டுத் துண்டு ஒன்றுகூட ஏரிக்குள் விழாமல் கரையில் போட்டுக் காயவைப்பது. ஜேசிபி வந்து நறுக்கிப் போட்டிருந்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு நாற்று.

மார்கழியில் நான் ஒரு காரியம் செய்தேன். பூங்கதிர் வந்த ஒரு தண்டை வேரோடு எடுத்து, பழைய தினத்தந்திக்குள் வைத்து, மேலே என் பொறியியல் புத்தகங்களை அடுக்கினேன். தினம் தாளை மாற்றி, ஒரு வாரத்தில் காய்ந்தது. சீட்டில் தேதி, ஜிபிஎஸ் எண், "ஏரிக் கலங்கல் அருகே, கழிவுநீர் சேருமிடம், தீவனமாக அறுக்கிறார்கள்" என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: "சுமார் அறுபது ஆண்டுகளாக இங்கே இருப்பதாக, சிறுவயது முதல் அறுத்துவரும் ஒருவர் கூறினார்." ஒரு கல்லூரி ஹெர்பேரியத்துக்குக் கொடுக்கக் கேட்டிருக்கிறேன்.

பெரியவரிடம் தாளைக் காட்டினேன். கணுவைத் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சுபோச்சே தம்பி, மாடு தொடாதே" என்றார்.

உங்கள் ஊர் ஏரியில் இந்தப் புல் இருந்தால், அறுப்பவர்களிடம் எவ்வளவு காலமாக என்று கேட்டு எழுதுங்கள். கணுவின் தாடி தெரிகிற மாதிரி ஒரு படமும் அனுப்புங்கள். சேர்த்து வைக்கிறேன்.